பல்லும் உடம்புதான்

"பல்லுக்கெல்லாம் எவன் ருவா குடுப்பான்?"

திருநெல்வேலிப் பக்கத்தில் இப்படிக் கேட்கிறவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பதில் ஊருக்கே தெரியும் என்ற நினைப்பில் கேட்கிறார். விக்கிரமசிங்கபுரத்திலும் தாழையூத்திலும் பேட்டையிலும் ஆலை வேலைக்குப் போகிறவர்கள், வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகளில் காலை முதல் ராத்திரி வரை சேலை விரித்துக் காட்டுகிறவர்கள், குளிரூட்டிய அறையில் கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. காய்ச்சல் வந்தால் கம்பெனி பார்க்கும், கால் ஒடிந்தால் பார்க்கும், பிரசவத்துக்குக்கூடப் பார்க்கும். பல் அவரவர் பாடு. கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இது தவறு என்று சொல்லத்தான் எழுத வந்தேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கப்படுகிற ஒவ்வொருவரும் தம் பல்லுக்கான வைத்தியச் செலவை மாதாமாதம் முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். கட்டியது தெரியாமல், வட்டிக்கு வாங்கி இன்னொரு முறையும் கட்டுகிறார்கள். அந்த முறை கட்டவும் வழியில்லாதவர்கள் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

என் சித்தப்பா ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அந்த முப்பது வருஷத்தில் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாக இழந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் தனியார் வைத்தியரிடம் கைக்காசைக் கொடுத்தார். இப்போது சோற்றைக் குழையப் பிசைந்துதான் சாப்பிடுகிறார். பேரப்பிள்ளைகள் முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். "இ.எஸ்.ஐ.யில காட்டலையா சித்தப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லுக்கும் பாப்பாவளா?"

பார்ப்பார்கள். பார்த்தே ஆக வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவப் பயன் என்று ஒன்றைத் தந்தபோது, கண்ணுக்கு உண்டு, பல்லுக்கு இல்லை என்று உடம்பைக் கூறு போடவில்லை. அதே 1948-இல்தான் இந்தியாவின் பல் மருத்துவர்கள் சட்டமும் வந்தது. நாடு விடுதலை அடைந்த மறுவருஷமே பல் மருத்துவத்தை முறையான மருத்துவத் தொழிலாக ஒரு சட்டம் ஏற்றது, தொழிலாளியின் உடம்பைப் பொதுப்பொறுப்பாக இன்னொரு சட்டம் ஏற்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் நமக்கு இத்தனை வருஷம் ஆகியும் தெரியவில்லை.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவரிடம் 113 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி தம் பங்காக 488 ரூபாய் போடுகிறார். வருஷத்துக்கு ஏறக்குறைய 7,200 ரூபாய் அவர் பெயரில் போய்ச் சேருகிறது. இந்தப் பணத்துக்கு மருத்துவ உரிமை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லாருக்கும் அது உண்டு. ஒருவருடைய வைத்தியத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்வோம் என்ற உச்சவரம்பு கிடையாது. முக்கியமாக, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் கிடையாது. பல் வைத்தியத்தில் இதுதான் உயிர்நாடி. பல்லுக்காக யாரும் படுக்கையில் சேர்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒரு மணி நேரத்தில் எழுந்து வருகிற வைத்தியம் அது.

இதையே கொஞ்சம் மேல் சம்பளக்காரரின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அவருக்குக் கம்பெனி குழுக் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறது. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று அட்டையில் தொகை அச்சடித்திருக்கும். ஊரில் அதற்கு ஒரு மரியாதை உண்டு, பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட அதைச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பாலிசியின் விலக்குப் பட்டியலை விரித்துப் படித்தவர்கள் குறைவு. விபத்தில் பல் உடைந்தால் தவிர, பல் வைத்தியத்துக்குப் பணம் இல்லை என்று அநேகமாக எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். போதாக்குறைக்கு, பொதுவாக 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்கியிருக்க வேண்டும். ஆக, சொத்தைப் பல்லோடு ஒரே ஆலையிலிருந்து வெளியே வருகிற இரண்டு பேரில், உதவியாளருக்கு உரிமை இருக்கிறது, மேற்பார்வையாளருக்கு இல்லை. இ.எஸ்.ஐ. என்றால் ஏழைக்கு, பாலிசி என்றால் கௌரவம் என்று நினைக்கிற ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சீட்டையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம்பித்தான் ஆக வேண்டும்.

சம்பள உயர்வு வரப்போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வரம்பைத் தாண்டிய மறுநாளே இ.எஸ்.ஐ. அறுந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று சந்தா காலம் ஆறு ஆறு மாதமாக ஓடுகிறது. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்த ஆறு மாதம் முடியும் வரை பிடித்தமும் தொடரும், உறுப்பினர் என்ற நிலையும் தொடரும். அடைக்க வேண்டிய பல்லை அதற்குள் அடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, படித்தவர்களும் சொல்கிற ஒரு வாதம் உண்டு: பல் நோய் ஆளைக் கொல்லாது, இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் போக வேண்டிய பணத்தைப் பல்லில் கரைக்கலாமா என்று. சொத்தை எப்படி வளர்கிறது என்று தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். பல்லின் மேல்பூச்சில் குழி விழும்போது வலியே இராது. அதற்கு அடுத்த அடுக்கில் இறங்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற கூழுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ராத்திரி தூக்கம் போகும். அதாவது வலி வந்து நாம் வைத்தியரைத் தேடும்போது, சில நூறு ரூபாயில் அடைத்திருக்க வேண்டிய குழி, வேர் சிகிச்சையும் பல்லின் மேல் மாட்டுகிற தொப்பியும் கேட்கிற நிலைக்கு வந்திருக்கும். அதையும் தள்ளிப் போட்டால் வேர் நுனியில் சீழ் கட்டும். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்பக்கத்துக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சுக் குழல் அடைபடும். லுட்விக் ஆஞ்சைனா என்று அதற்குப் பெயர். அது ஆளைக் கொல்லும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்கு அடங்காமல் செய்கிறது, சர்க்கரை ஈறு நோயை முற்ற வைக்கிறது. வெற்றிலையும் புகையிலையும் வாயில் ஒதுக்கிப் பழகிய நம் பக்கத்தில், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு படர்வதை முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர்தான். இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிற நாற்காலியை வேண்டாத செலவு என்று ஒதுக்கிவிட்டு, முற்றிய பிறகு லட்சக்கணக்கில் அறுவைக்குக் கொடுப்பது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி?

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, வாய் நோய்களோடு வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 350 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை ஒழுங்காகப் பல் விளக்காதவனின் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பற்றிய பழமொழியை எடுத்து நீட்டுகிறவர்கள், இரவு ஷிப்டில் தூக்கம் தட்டாமலிருக்கச் சர்க்கரை போட்ட டீயை மூன்று முறை குடிக்கிறவரையும் பாக்கை மெல்லுகிறவரையும் ஒருதரமாவது போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளி மருந்துச் சீட்டை நீட்டும்போது, நீ ஏன் வாயைக் கட்டவில்லை என்று கேட்டு எந்த மருத்துவமனையும் சீட்டைத் திருப்பித் தருவதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் அந்த விசாரணை?

காப்பீட்டுக்காரர்களின் வாதம் இன்னும் நுணுக்கமானது. காப்பீடு என்பது எதிர்பாராத இழப்புக்கு. பல் கெடுவது எதிர்பார்க்கக்கூடியது. பல்வலிக்காரர்கள் மட்டும் வந்து சேர்வார்கள், நிதி காலியாகும். தனி ஆளுக்குப் பாலிசி விற்கிறவர் இதைச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆலை முழுவதும் ஒரே நாளில் ஒரே திட்டத்தில் சேரும்போது இந்த வாதம் நிற்காது. சொத்தை உள்ளவனும் இல்லாதவனும், இருபது வயதுக்காரனும் ஐம்பது வயதுக்காரனும் ஒன்றாகச் சேருகிறார்கள், சம்பளத்தின் விகிதப்படி கட்டுகிறார்கள். பல்வலிக்காரன் மட்டும் தேர்ந்து வந்து சேர இங்கே இடமே இல்லை. வேலை தருகிறவர் வழியாக வருகிற திட்டத்துக்கு இருக்கிற பெரிய பலமே இதுதான்.

இதை 1954-லேயே செய்து காட்டியவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள். அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், தங்கள் நலநிதியிலிருந்து பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஏற்பாடு வேண்டும் என்று பல் மருத்துவர் சங்கங்களிடம் கேட்டது. இன்று அந்த நாட்டில் பரவியிருக்கிற பல் காப்பீடு அங்கிருந்து கிளைத்ததுதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

அதே சமயம் அமெரிக்க மாதிரியை அப்படியே இங்கே இறக்கலாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அங்கே வழக்கமான திட்டம் பரிசோதனைக்கு முழுச் செலவையும், அடைப்புக்கு 80 சதவீதத்தையும், தொப்பி போன்ற பெரிய வேலைக்குப் பாதியையும் தரும். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,000 அல்லது 1,500 டாலரில் நிறுத்திவிடும். விலைவாசி பல மடங்கு ஏறிய பிறகும் அந்த வரம்பு பல பத்தாண்டுகளாக அதிகம் நகரவில்லை. பெரிய செலவு வருகிற இடத்தில் கையை விரிக்கிற திட்டம் அது. உச்சவரம்பே இல்லாத இ.எஸ்.ஐ.யை வைத்துக்கொண்டு, தள்ளுபடிக் கூப்பனுக்கு நாம் ஏன் ஏங்க வேண்டும்?

இலவசம் என்றால் கூட்டம் அள்ளும் என்ற பயத்துக்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. 1948 ஜூலையில் பிரிட்டன் தன் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசமாக இருந்தது. பல்செட்டுக்கு மக்கள் குவிந்தார்கள். ஆசையால் குவிந்த கூட்டமா அது? வருஷக்கணக்காகப் பொக்கை வாயோடும் வலியோடும் வாழ்ந்தவர்கள் முதல் முறையாகக் கதவு திறந்ததைப் பார்த்து வந்தார்கள். 1951-இல் அரசு பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க முடிவெடுத்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டே விலகினார். பல்செட்டுக்காக ஒரு மந்திரி பதவி துறந்தார். அவருக்குப் பல் அற்ப விஷயமாகப் படவில்லை.

பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2019-க்கு முன்பு இரு தரப்பும் சேர்ந்து கட்டியது சம்பளத்தில் 6.5 சதவீதம். அதை 4 சதவீதமாகக் குறைத்தார்கள். நிதிக்குத் தட்டுப்பாடு இருந்திருந்தால் குறைத்திருப்பார்களா? அந்த இரண்டரை சதவீதத்தில் ஒரு துளியைப் பல்லுக்கு ஒதுக்கியிருந்தாலும் எத்தனை மருந்தகங்களில் பல் நாற்காலி வந்திருக்கும்!

'அதெல்லாம் முதலாளி வேலையா?' என்பது எல்லாவற்றிலும் பழைய கேள்வி. இந்தத் தாமிரபரணிப் படுகைக்கு அது புதிதில்லை. 1908 பிப்ரவரியில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அன்றைக்கு அதிகப்படியான ஆசையாகத்தான் பார்க்கப்பட்டது. போராட்டம் வென்றது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அதுவரை, நிற்பது அந்த வேலையோடு பிறந்தது என்று ஊர் நம்பியிருந்தது. வண்ணார்பேட்டைக் கடைகளில் இன்று ஒரு பெண் உட்கார உரிமை கேட்கலாம். பல் பார்க்கப் போக நேரம் கேட்டால் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள்?

எதிர்த்தரப்பில் ஒன்றை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். "இ.எஸ்.ஐ.க்குப் போனா புடுங்கத்தான் செய்வாவ" என்கிறார்களே, அதில் அனுபவம் இருக்கிறது. எல்லா மருந்தகத்திலும் பல் மருத்துவர் இல்லை. பக்கத்து மருந்தகத்தில் சீட்டு எழுதி வாங்கி, திருநெல்வேலி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருகிறவருக்கு ஒருநாள் போய்விடும். ஆனால் பிடுங்குவதற்குக் காரணம் மருத்துவரின் அலட்சியம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கிறதே, அங்கேதான் ஊர் சறுக்குகிறது. காரணம் கூலியில் இருக்கிறது.

வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும். அதன் பிறகு தொப்பிக்கு அளவெடுக்க ஒரு முறை, மாட்ட ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு, சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை. ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. படுத்த படுக்கையாகப் பத்து நாள் கிடக்கிறவருக்கு இந்த விதி இரண்டு நாள் நஷ்டம்தான். பல்லுக்காக ஒருநாள் வந்து, பத்து நாள் கழித்து இன்னொரு நாள் வருகிறவருக்கோ ஒரு ரூபாயும் தேறாது. ஐந்து முறை வந்தால் ஐந்து நாள் கூலியும் போச்சு. பிடுங்கினால் ஒரே நாள். மருத்துவர் இரண்டையும் எடுத்துச் சொன்னாலும், மறுநாள் அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்காரர் எதைக் கேட்பார்? "புடுங்கிருங்க சார்" என்று அவரே சொல்கிறார். வைத்தியம் இலவசம், அதற்கான நேரம் இலவசமாக இல்லை. என் சித்தப்பா இழந்த பற்களும் இந்தக் கணக்கில்தான் போயிருக்கும், அவருக்கு உரிமை தெரிந்திருந்தாலும்கூட.

ஆக, கேட்க வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. பல் வைத்தியத்துக்கு அந்த இரண்டு நாள் விதி பொருந்தக் கூடாது. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் அன்றைய கூலியில் பிடித்தம் கூடாது என்று சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் முதலுதவி அறை இருக்க வேண்டும் என்றது. பெரும்பாலான நாட்களில் காலியாகக் கிடக்கிற அந்த அறையில் மாதம் ஒருநாள் பல் மருத்துவர் ஒருவர் உட்காரட்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர் பத்து நிமிஷம் வாயைக் காட்டிவிட்டுப் போனால், குழியாக இருக்கும்போதே கண்ணில் படும். முதலாளிக்கு இதில் நஷ்டமும் இல்லை. பல்வலியோடு ராத்திரி தூங்காமல் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற ஆளை வைத்து எந்த ஆலையும் லாபம் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றவர்களும் கவனிக்க வேண்டும்: ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். சித்தப்பாவை அழைத்துப் போய் இதை விசாரிக்கத்தான் முதலில் நான் வண்ணார்பேட்டை இ.எஸ்.ஐ. அலுவலகத்துப் படியேறினேன்.

இன்னொரு கூட்டம் இந்தக் கணக்குக்கே வெளியே நிற்கிறது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள். வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை பெரும்பாலோருக்கு இல்லை. வேலை ஆலைக்குள் நடக்காமல் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பதால்தான் இந்த வித்தியாசம். 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் வழியாக அவர்களுக்கு மருத்துவம் கிடைத்தது. முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை வந்தது. தயாரிக்கிற பீடிக்கு வசூலித்த தீர்வையில் அந்த நிதி ஓடியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தத் தீர்வை நின்றது. புகையிலைத் தூளை நாளெல்லாம் கையில் அளைந்து அந்த நெடியிலேயே மூச்சு விடுகிற பெண்களின் வாயை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? பல்லுக்கு எவன் பணம் தருவான் என்ற கேள்வியை நியாயமாகக் கேட்கக்கூடியவர்கள் இந்தத் தாமிரபரணிக் கரையில் அவர்கள்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று பேச உட்காரும்போது, வைப்பு நிதிக்குப் பிடிக்கிற அதே ஏட்டில் இ.எஸ்.ஐ.க்கும் ஒரு பத்தி போடுங்கள் என்று பீடிக்கடைக் கணக்குப்பிள்ளையிடம் தொடங்கி டெல்லி வரை கேட்டாக வேண்டும்.